குதிரை மேல் இருப்பவரோடு நட்பு

ஊர்காவற்றுறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஈ. எம். ஃபோர்ஸ்டர் எழுதிய ‘ஏ பாஸேஜ் டு இந்தியா’ 1924இல் வெளிவந்தது. நூறு ஆண்டைக் கடந்துவிட்ட நாவல். ஆள வந்தவனும் ஆளப்படுபவனும் நண்பர்களாக இருக்க முடியுமா என்று நேராகவே கேட்ட நாவல். வட இந்தியாவின் ஒரு கற்பனை ஊரில் நடக்கும் கதையைப் பற்றி ஊர்காவற்றுறையில் வந்து பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயம்.

இரண்டு காரணங்கள் உண்டு. அந்த நாவலைப் பாதியில் கைவிட்டிருந்த ஃபோர்ஸ்டரை மறுபடி எழுத வைத்த நண்பர் லெனார்ட் வுல்ஃப். அவர் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். நாவலில் கேட்கப்பட்ட கேள்வி யாழ்ப்பாணத்துத் தெருவில் அவர் முகத்துக்கு நேரே கேட்கப்பட்டது. இது முதற்காரணம். இரண்டாவது, அதே கேள்வியை வெள்ளைக்காரர் போன பிறகு நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைக் கேட்டவர்களில் ஒருவர் இந்தத் தீவுகளில் பிறந்தவர். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான். ஒருவர் மற்றவரைத் தண்டிக்கக்கூடிய இடத்தில் இருக்கும்வரை, அவருடைய நல்ல மனம் மட்டும் நட்பை உண்டாக்கிவிடாது.

கழுத்துப்பட்டிப் பொத்தான்

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்திரபூர் என்ற ஊரில் அஸீஸ் என்ற இளம் முஸ்லிம் வைத்தியர். அரசாங்கக் கல்லூரி அதிபர் ஃபீல்டிங் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் மூதாட்டி திருமதி மூர். அவருடைய மகன் ரோனி அந்த ஊர் நீதவான். ரோனியைக் கலியாணம் செய்வதா என்று யோசித்துப் பார்க்க வந்தவள் அடிலா. விருந்தினரை மகிழ்விக்க அஸீஸ் தன் செலவில் மராபர் குகைகளுக்கு ஓர் உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்கிறார். குகைக்குள் அஸீஸ் தன்னிடம் முறைகேடாக நடந்தார் என்று அடிலா குற்றஞ்சாட்டுகிறாள். அஸீஸ் கைதாகிறார். வெள்ளையரின் கிளப் ஒரே அணியாகத் திரள்கிறது. ஃபீல்டிங் மட்டும் அஸீஸின் பக்கம் நின்று கிளப்பிலிருந்து விலகுகிறார். வழக்கு மன்றத்தில், சாட்சிக் கூண்டில் நின்றபடி, அடிலா தன் குற்றச்சாட்டைத் தானே திரும்பப் பெறுகிறாள். குகையில் என்ன நடந்தது என்பதை ஃபோர்ஸ்டர் கடைசிவரை சொல்லவேயில்லை.

பெரிய சம்பவம் குகையில் நடந்தாலும், நாவலின் கருத்தை எனக்கு விளங்க வைத்தது ஒரு சின்னப் பொத்தான். ஃபீல்டிங்கின் கழுத்துப்பட்டிப் பொத்தான் உடைந்துபோகிறது. அஸீஸ் தன் சட்டையிலிருந்ததைக் கழற்றி, மேலதிகமாக ஒன்று கைவசம் இருப்பதாகப் பொய் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். பின்னர் அஸீஸின் கழுத்துப்பட்டி மேலேறி நிற்பதைக் கண்ட ரோனி, இந்தியர்களுக்கே உரிய கவனக்குறைவைப் பாருங்கள் என்கிறார். நண்பனுக்குக் கொடுத்த கொடை, ஆள்பவனின் கண்ணில் ஓர் இனத்தின் குறையாகிவிட்டது. ரோனி கெட்டவரல்லர், உழைப்பாளி, நேர்மையானவர். ஆனால் அவர் இருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பொத்தான் இல்லாத கழுத்துத்தான் தெரியும், பொத்தானைக் கொடுத்த கை தெரியாது.

நல்ல மனமுள்ள ஃபீல்டிங்கினாலும் இதைத் தாண்ட முடியவில்லை. விடுதலையான அஸீஸ் அடிலாவிடம் நட்டஈடு கேட்கலாம். அவள்மேல் இரங்கிய ஃபீல்டிங், வேண்டாம் என்று வற்புறுத்துகிறார். நண்பர் சொன்னதற்காக அஸீஸ் விட்டுக்கொடுக்கிறார். பிறகு ஃபீல்டிங் இங்கிலாந்துக்குப் போய் மணம் முடித்ததாகச் செய்தி வருகிறது. மணப்பெண் அடிலாதான், தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படி உபதேசித்தார் என்று அஸீஸ் நம்பிவிடுகிறார். உண்மையில் ஃபீல்டிங் மணந்தது திருமதி மூரின் மகளை. அஸீஸின் சந்தேகம் தவறு. ஆனாலும் அந்தச் சந்தேகம் ஏன் அத்தனை எளிதாக வந்தது? பெருந்தன்மை காட்டச் சொன்னவர் எதையும் இழக்காத இடத்திலிருந்து சொன்னார். சிறை போனவர் அஸீஸ்.

பெரிய தெருவில் ஒரு சவுக்கு

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். 1904 டிசம்பரில் 24 வயது லெனார்ட் வுல்ஃப் கொழும்பில் வந்திறங்கினார். கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியில் படித்து முடித்த யூத இளைஞர். ஃபோர்ஸ்டரும் அவரும் கேம்பிரிட்ஜில் ஒரே விவாதக் குழுவின் அங்கத்தவர்கள். வோல்தேரின் எழுத்துக்களின் 90 பாகங்களையும் ஒரு நாயையும் கொண்டுவந்தார். 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு நியமனம். ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் மதில்மேல் இருந்த பங்களாவில் குடியிருப்பு. தமிழ் படித்தார். நாம் இப்போது இருக்கும் இந்தத் தீவுகளும் அந்தக் கச்சேரியின் ஆட்சிக்குள்தான் இருந்தன.

வுல்ஃப் கண்டிப்பான உத்தியோகத்தர். நேரந்தவறாமை, கோப்புகளுக்கு உடனடிப் பதில், விதிகளில் விட்டுக்கொடாமை. இவற்றால் தாம் யாழ்ப்பாணத்தில் வேண்டப்படாதவராக இருந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒரு நாள் அவர் அரசாங்க ஏஜண்டு பிறைசுடன் பெரிய தெருவில் குதிரையில் போனார். வீதியோரத்தில் எதையோ பிறைசுக்குக் காட்டவேண்டிக் குதிரையைத் திருப்பிச் சவுக்கை நீட்டினார். அவ்வழியே வண்டியில் வந்தவர் ஹரி சந்தரசேகரா என்ற பெயர்பெற்ற சட்டத்தரணி. வுல்ஃப் வேண்டுமென்றே தம் முகத்தில் சவுக்கால் அடித்தார் என்று அவர் சொன்னார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் விஷயத்தைக் கையிலெடுத்து மேலிடத்துக்கு முறையிட்டது. வுல்ஃபிடம் விளக்கம் கேட்கப்பட்டது. தாம் யாரையும் அடிக்கவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

இதை ஃபோர்ஸ்டரின் கதையோடு பொருத்திப் பாருங்கள். நாவலில் குற்றஞ்சாட்டுபவள் ஆளும் இனத்தவள், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஆளப்படுபவர். யாழ்ப்பாணத்தில் இது தலைகீழ். அங்கே கிளப் திரண்டது, இங்கே சங்கம் திரண்டது. இரண்டு இடத்திலும் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் இந்த இரண்டு திரட்சியையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. கிளப்பின் பின்னால் பொலிசும் சிறையும் பட்டாளமும் இருந்தன. சங்கத்தின் பின்னால் இருந்தது ஒரு மனுத் தாள். அஸீஸ் பிணையில்லாமல் உள்ளே கிடந்தார். வுல்ஃப் வேலையில் தொடர்ந்தார், 1907இல் கண்டிக்கு மாற்றமாகிப் போனார், அடுத்த ஆண்டே அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க ஏஜண்டானார்.

வுல்ஃபை நான் மதிப்பது அவர் இதைப் பின்னாளில் எடுத்துக்கொண்ட விதத்துக்காக. 1961இல் வெளிவந்த ‘குரோயிங்’ என்ற தன்வரலாற்று நூலில் இந்தச் சம்பவத்தை மறைக்காமல் எழுதுகிறார். அடிக்கவில்லை என்பதில் அவர் மாறவில்லை. ஆனால் தம்மேல் குறைசொன்னவர்கள் பொய்யர் என்று முடித்துவிடவும் இல்லை. அவர்களுடைய ஊரின் பெரிய தெருவில் தாம் குதிரைமேல் தலைநிமிர்த்தி அமர்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று அவர்கள் உணர்ந்தது சரிதான் என்ற கருத்துப்பட எழுதுகிறார். பிறரை ஆளும் தொழில் தமக்கு வேண்டுமா என்ற ஐயம் யாழ்ப்பாணத்தில்தான் முளைவிட்டது.

சவுக்கு முகத்தில் பட்டதா படவில்லையா என்பது ஒரு வழக்கு. சவுக்குப் படக்கூடிய உயரத்தில் ஒருவர் இருந்தார் என்பது வேறொரு வழக்கு. முதல் வழக்கில் வுல்ஃப் நிரபராதியாக இருக்கலாம். இரண்டாவதில் அவருக்கு விடுதலை கிடையாது. அதை அவரே ஒப்புக்கொண்டார்.

குதிரைகளின் தீவு

குதிரை என்றதும் இங்குள்ளோருக்கு நெடுந்தீவு நினைவுக்கு வரும். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லம். மற்றப் பெயர்கள் ஏடுகளோடு நின்றுவிட, நெடுந்தீவு மட்டும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் டெல்ஃப்ட். ஐரோப்பியர் அங்கே குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெப்டினன்ட் நோலன் என்ற அயர்லாந்துக்காரர் தீவின் அதிகாரியாக இருந்து குதிரை வளர்ப்பையும் நடத்தினார். சுண்ணக்கற்களால் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் குதிரைகளின் வழிவந்தவை எனப்படும் கூட்டங்கள் வெட்டவெளியில் மேய்கின்றன.

நோலனைப் பற்றி நெடுந்தீவில் வழங்கும் கதைகளை இங்கே ஆராயப் போவதில்லை. கவனிக்க வேண்டியது அவருடைய நிலை. சந்திரபூரில் வெள்ளையருக்கு ஒரு கிளப் இருந்தது. நெடுந்தீவில் அந்த அதிகாரிக்குக் கிளப் இல்லை. சுற்றிலும் கடல், பேசிப் பழக இருந்தவர்கள் தீவார் மட்டுமே. அப்படியானால் நட்பு எளிதாக மலர்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் நிர்வாகமும் அதிகாரமும் ஒரே ஆளின் கையில் இருக்கும் இடத்தில், அவரோடு சிரித்துப் பேசுவதும் ஒரு மனுவாகிவிடும். நட்பைக் கெடுப்பது கிளப் மட்டுமே என்று எண்ணிவிட முடியாது.

எதிரே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையையும் பாருங்கள். போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் திருத்திக் கட்டி, ஆங்கிலேயர் சிறையாக வைத்திருந்த கோட்டை. இப்போது தங்குவிடுதி. கொடிகள் மாறி மாறி ஏறின. காவலுக்கு நின்றவர்களில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள். உள்ளே இருந்தவருக்குக் கதவின் பூட்டு ஒன்றுதான்.

நட்பு வாய்த்த இடங்கள்

அப்படியானால் இனம் கடந்த நட்பே அக்காலத்தில் வாய்க்கவில்லையா? வாய்த்தது. எங்கே வாய்த்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஃபோர்ஸ்டர் தம் நாவலைச் சையத் ராஸ் மசூதுக்குக் காணிக்கையாக்கினார். சர் சையத் அகமது கானின் பேரரான மசூது 1906இல் இங்கிலாந்தில் ஃபோர்ஸ்டரிடம் இலத்தீன் படிக்க வந்தவர். ஆசிரியர், மாணவர் என்ற உறவு விரைவிலேயே நட்பாகி 1937இல் மசூது இறக்கும்வரை நீடித்தது. ஃபோர்ஸ்டர் அவருக்கு மேலதிகாரி அல்லர். மசூதின் வீட்டுக்கு வரி விதிக்கவோ அவரைச் சிறையிலடைக்கவோ ஃபோர்ஸ்டரால் முடியாது.

நமக்கு நெருங்கிய சான்று சேர் பொன்னம்பலம் அருணாசலம். மானிப்பாயை வேராகக் கொண்ட குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் தேறிய முதல் இலங்கையர். கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த நண்பர் ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டர். கார்ப்பென்டருக்குப் பகவத்கீதையை அறிமுகம் செய்தவர் அருணாசலம். நண்பரின் அழைப்பில் 1890இல் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்து, அருணாசலத்தின் குருவான இராமசாமி என்ற தமிழ் ஞானியின் காலடியில் அமர்ந்து பாடம் கேட்டார். அந்த அனுபவம் 1892இல் நூலாயிற்று. குதிரை மேல் வந்திருக்க வேண்டியவர் நிலத்தில் அமர்ந்தார். அவர் உத்தியோகத்தரல்லர், ஆகவே அது முடிந்தது. அதே அருணாசலம் அரசசேவைக்குள் எத்தனை திறமை காட்டியும், நிறம் காரணமாக மேற்பதவிகளின் கதவு அவருக்கு அடைபட்டே இருந்தது. ஒரு மனிதரின் வாழ்விலேயே இரண்டும் உண்டு: கேம்பிரிட்ஜ் நண்பரின் வீட்டில் சமம், கொழும்புச் செயலகத்தில் ஒரு படி கீழ்.

இந்தக் கார்ப்பென்டரைத்தான் 1913இல் ஃபோர்ஸ்டர் தேடிப் போனார். அந்தச் சந்திப்பு அவருடைய எழுத்து வாழ்வையே திருப்பியது. அருணாசலம் மதுரையில் தலயாத்திரை சென்ற இடத்தில் காலமானது 1924 சனவரியில். ஃபோர்ஸ்டரின் நாவல் வந்ததும் அதே ஆண்டில்.

வுல்ஃபே இன்னொரு சான்று தருகிறார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு அவரை அனுப்பினார்கள். வெறும் மணல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடிய தற்காலிக நகரம். சிப்பிகளைக் கரையில் அழுகவிட்டு முத்தெடுப்பார்கள்; அந்த நாற்றத்தின் நடுவே இரவு பகலாக வேலை. முக்குளிப்பவர்களில் தமிழரும் உண்டு, பாரசீகக் குடாவிலிருந்து வந்த அரபுகளும் உண்டு. தமிழர் பணிந்து ஒதுங்கி நின்றபோது, அரபுகள் தம்மைச் சக மனிதனாக நடத்தினார்கள் என்று வுல்ஃப் வியந்து எழுதியிருக்கிறார். இதைப் பிறவிக் குணமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பருவம் முடிந்ததும் அரபுகள் பாய்மரம் ஏறிப் போய்விடுவார்கள். தமிழர் மறுநாளும் அதே கச்சேரிப் படியில் நிற்க வேண்டும்.

இரு நாவல்கள், இரு விடைகள்

1911இல் விடுப்பில் போன வுல்ஃப் 1912இல் உத்தியோகத்தை விட்டார். வர்ஜினியாவை மணந்தார். 1913இல் ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’ வந்தது. அம்பாந்தோட்டைக் காட்டுக்கரைக் கிராமம் ஒன்று, சிலிந்து என்ற வேட்டைக்காரர், அவருடைய இரு பெண்கள், அவர்களை நசுக்கும் ஊர்த்தலைமையும் கடனும். அந்த நாவலில் வெள்ளைக்காரர் ஓரத்தில் வந்துபோகும் நீதவான் மட்டுமே. இனம் கடந்த நட்பு என்ற பேச்சே இல்லை. நட்புக்கு இடமில்லை என்று உணர்ந்தவர், கதையிலிருந்து தம் இனத்தை விலக்கிவைத்து, ஆளப்படுபவரின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முயன்றார்.

ஃபோர்ஸ்டர் நட்பை நடுவில் வைத்தார். 1912இல் முதன்முறை இந்தியா போகுமுன் குதிரையேற்றம் பழக விரும்பிய அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் வுல்ஃப்தான். யாழ்ப்பாணத்துக் குதிரைக்காரர் சந்திரபூர்க் கதைக்காரருக்குக் கடிவாளம் பிடிக்கப் பழக்கினார். எழுதத் தொடங்கிய நாவலை ஃபோர்ஸ்டர் இடையில் கைவிட்டார். 1921இல் தேவாஸ் மன்னரின் அந்தரங்கச் செயலாளராக மறுபடி இந்தியா சென்று, அடுத்த ஆண்டு மனம் சோர்ந்து திரும்பினார். பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்துப் படித்துத் தொடருங்கள் என்று தூண்டியவரும் வுல்ஃப்.

நாவலின் கடைசிக் காட்சியில் அஸீஸும் ஃபீல்டிங்கும் அருகருகே குதிரையில் போகிறார்கள். இருவருக்கும் நண்பர்களாக இருக்க ஆசை. குதிரைகள் ஒட்டிப் போக மறுத்து விலகுகின்றன. இப்போதைக்கு இல்லை என்பதுதான் முடிவு. இதைச் சோகமான முடிவு என்று பாடநூல்கள் சொல்கின்றன. எனக்கு அது ஒரு நிபந்தனையாகப் படுகிறது. ஆட்சி போகட்டும், பிறகு வா என்கிறது நாவல். ஒன்றையும் மறக்கக்கூடாது: இந்தக் காட்சியில் அஸீஸும் குதிரை மேல் இருக்கிறார். அவர் இப்போது வேலை பார்ப்பது பிரித்தானிய நிர்வாகத்தில் அன்று, ஒரு சுதேச சமஸ்தானத்தில். கண்ணுக்குக் கண் பார்த்துச் சண்டை பிடிக்க முடிகிறது. அந்தச் சண்டையில் இருக்கும் அன்பு, முன்பு நடந்த விருந்துகள் எதிலும் இல்லை.

வுல்ஃப் தம் பாடத்தை அரசியலிலும் கைவிடவில்லை. 1915 கலவரத்தின்பின் ஆங்கில ஆட்சி நடத்திய அடக்குமுறைக்கு விசாரணை கேட்டு இலண்டன் வந்த இலங்கைத் தலைவர்களுக்குத் துணைநின்றார். 1938இல் பிரித்தானியத் தொழிற்கட்சிக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில், இலங்கையின் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும், சுவிற்சர்லாந்தின் மாதிரியில் ஓர் ஏற்பாட்டை எண்ணிப் பார்க்கலாம் என்றார். நல்லெண்ணம் போதாது, அதிகாரத்தைப் பகிரும் ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எங்கள் கிணற்றடி

வெள்ளைக்காரர் குதிரையை விட்டு இறங்கிப் போனார். சேணம் காலியாகிவிட்டதா?

புங்குடுதீவில் 1935இல் பிறந்தவர் மு. தளையசிங்கம். ‘ஒரு தனி வீடு’ நாவலையும் ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ போன்ற நூல்களையும் எழுதி, 1973இல் இளவயதிலேயே மறைந்தார். தத்துவம் எழுதியவர் என்றே பலரும் அவரை அறிவர். அவர் தம் ஊரில் செய்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுண்ணக்கல் தரையான நம் தீவுகளில் நன்னீர் எங்கும் கிடைப்பதில்லை. மழைநீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாகத்தான் தங்கும். நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவர் அயலின் உயிரைக் கையில் வைத்திருப்பவர். அத்தகைய நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தண்ணீர் அள்ள உரிமை வேண்டும் என்று 1971இல் தளையசிங்கம் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். பொலிசார் அடித்தார்கள், சிறைவைத்தார்கள்.

மற்றவர்களின் குடத்தில் மேலிருந்து தண்ணீர் வார்த்துக் கொடுத்த வீடுகளில் இரக்கமுள்ளவர்களும் இருந்தார்கள். முகம் சுளிக்காமல் வார்த்தவர்கள், பெயர் சொல்லிக் குசலம் விசாரித்தவர்கள். அவர்களை நான் இகழவில்லை. ஃபீல்டிங்கையும் நான் இகழவில்லை. ஆனால் கயிறு ஒருவர் கையிலும் குடம் மற்றவர் கையிலும் இருக்கும்வரை அதற்குப் பெயர் தயவு. தளையசிங்கம் கேட்டது கயிற்றை. வுல்ஃப் யாழ்ப்பாணப் பெரிய தெருவில் கற்றதை அவர் புங்குடுதீவுக் கிணற்றடியில் மேல்சாதிக்காரராக நின்று செயலில் காட்டினார்.

சமமாக நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இந்தத் தீவிலேயே சான்றுண்டு. வுல்ஃபின் நாவல் வந்த 1913ஆம் ஆண்டு கரம்பொனில் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானபோது, செக் நாட்டுக் கமில் சுவலெபிலும் பிரான்சின் ழான் ஃபிலியோசாவும் அவரோடு நின்றார்கள். ஐரோப்பியர் நம்மை எடைபோட வந்த காலம் மாறி, ஒரே மேசையில் தமிழைப் பற்றி வாதிட்ட காலம். அந்த மேசையில் யாரும் யாரையும் தண்டிக்க முடியாது. ஃபோர்ஸ்டர் ஒத்திவைத்த நட்பு அங்கே நடந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஃபோர்ஸ்டரையும் வுல்ஃபையும் தளையசிங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாத்திரங்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற கேள்வியைச் சற்று ஒத்திவையுங்கள். இவர்களில் யார் யாரைத் தண்டிக்க முடியும், யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு காட்சியிலும் கேளுங்கள். பிறகு அதே கேள்வியை வகுப்பறையிலும், கோயில் வீதியிலும், வீட்டு அடுப்படியிலும் கேளுங்கள். உங்களிடம் வேலை செய்பவர் ஒருவர் உங்களை நண்பர் என்று சொன்னால் மகிழ்வதற்கு முன், உங்களோடு சண்டை பிடிக்க அவரால் முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால், இறங்க வேண்டியவர் நீங்கள்தான்.